மதகுச் சாவி

பின்லாந்தில் நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பத்து நிமிடம் யாரும் வாயைத் திறக்காமல் காபி குடிப்பார்கள். கோபதாபம் எதுவும் இல்லை, இங்கே அதுதான் மரியாதை. வந்த புதிதில் எனக்கு மூச்சு முட்டியது. இப்போது பழகிவிட்டது. சொல்லப்போனால் என்னைப் போன்றவனுக்கு வசதியான நாடு. இந்த ஊர் நூலகத்தில் புதன்கிழமைதோறும் ஒரு வாசிப்பு வட்டம் கூடுகிறது. ஆங்கிலத்தில் பேசுவார்கள் என்பதால் சேர்ந்துகொண்டேன். என்னையும் சேர்த்து ஒன்பது பேர். சென்ற குளிர்காலத்தில் எடுத்துக்கொண்டது ஒரு பழைய நாவல். படகு முதலாளி ஒருவன் செய்த தப்புக்கு அவனிடம் கூலிக்கு இருந்தவன் சிறைக்குப் போகிறான். முதலாளி வாயை மூடிக்கொண்டு பெரிய மனுஷனாகிறான். பல வருடம் கழித்து, தேவாலயத்தில் ஊரே கூடியிருக்கும்போது எழுந்து நின்று உண்மையைச் சொல்கிறான். சிறைக் காட்சி வந்ததும் புத்தகத்தை மூடி ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். நாலு நாள் தொடவில்லை.

உத்திரமேரூர் பக்கம், பெருநகர் என்ற ஊரைத் தாண்டி எங்கள் ஊர். ஏரிப் பாசனம். மதகைத் திறந்து மூடுவதும் முறை வைத்துத் தண்ணீர் விடுவதும் நீர்க்கட்டியின் வேலை. அறுவடையின்போது அவருக்குக் களத்திலேயே நெல் அளப்பார்கள். அப்போது நீர்க்கட்டியாக இருந்தவர் காலனி ஏழுமலை. அவருக்கு என் அப்பா வயது. ஆனாலும் ஊர் வழக்கப்படி நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன், அவர் என்னை 'வாங்க தம்பி' என்பார். எனக்குப் பத்தொன்பது வயதானபோது ஒரு நாள், காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய் வருவதாகச் சொல்லி, மதகைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் வயல் பின்நடவு, காய்ந்துகொண்டிருந்தது. முறை இல்லாமலே திறந்தேன். அதற்குள் சிநேகிதன் பைக்கில் வந்து கிரிக்கெட் ஆடக் கூப்பிட்டான். மூட மறந்து ஏறிப் போய்விட்டேன். சாயங்காலத்துக்குள் கீழ் வயல்களில் அறுப்புக்கு நின்ற நெல்லெல்லாம் தண்ணீரில் சாய்ந்து கிடந்தது. மறுநாள் கோயில் மண்டபத்தில் ஊர் கூடியது. ஏழுமலை படிக்குக் கீழே நின்றபடி, பூட்டிவிட்டுத்தான் போனதாகச் சொன்னார். சாவியைப் பற்றிப் பேசவில்லை. என்னை ஒரு தடவை பார்த்தார். நான் அப்பா பக்கத்தில் நின்றிருந்தேன். பரம்பரையாகச் செய்த வேலையை அவரிடமிருந்து பிடுங்கினார்கள். அவர் செங்கல் சூளைக்குப் போனார், நான் இன்ஜினீயரிங் காலேஜுக்குப் போனேன்.

வட்டத்தில் விவாதம் சூடாக நடந்தது, அதாவது இந்த ஊர்ச் சூடு. ஹெலேனா என்ற ஓய்வுபெற்ற நர்ஸ் என்னைப் பார்த்து, உங்கள் மதத்தில் செய்த தப்பை அடுத்த பிறவியில் அனுபவித்துத் தீர்ப்பீர்கள், அதனால் யாரிடமும் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை, அப்படித்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். சாமி பெயரைச் சொல்லி ஒளிந்துகொள்வது அவ்வளவு சுலபம். வெட்கம்கூட வரவில்லை, மனசு மரத்துக் கிடந்தது.

தை மாதம் ஊருக்குப் போனபோது ஏழுமலை வீட்டைத் தேடிப் போனேன். முதல் முறையாக 'ஐயா' என்றேன். அவர் காதில் வாங்காதவர் போலப் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"சாவி உங்க கையில தான இருந்துச்சி தம்பி. எனக்குத் தெரியாதா இன்னா?"

அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா யாரு நம்புவாங்க? எம் பொண்டாட்டி உங்க கழனியில தான நாத்து நட்டுக்கினு இருந்தா." கோயில் பக்கம் கையைக் காட்டினார். "எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? தெரியாதவங்க அங்க கீறாங்க. அங்க போய்ச் சொல்லுங்க."

மறுநாள் போனேன். மண்டபத்தில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவும் இருந்தார். எப்போது வந்தாய், அங்கே குளிர் எப்படி என்று கேட்டார்கள். குளிரைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். அதற்கடுத்த நாள் விமானம் ஏறிவிட்டேன்.

திரும்பி வந்த வாரம் வட்டத்தில் கடைசி அத்தியாயம். யாரும் கேட்காமலே சொல்லிவிட்டேன், மதகு, மண்டபம், செங்கல் சூளை எல்லாவற்றையும். நீர்க்கட்டிக்கு ஆங்கிலத்தில் வார்த்தை கிடைக்காமல் திணறினேன். குரல் ஒரு இடத்தில்கூட உடையவில்லை. ஹெலேனா என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களுக்கு ரொம்பத் தைரியம் என்றார். மதகைத் திறந்துவிட்டது ஏழுமலை இல்லை என்று இன்றைக்குப் பின்லாந்தில் எட்டுப் பேருக்குத் தெரியும். எங்கள் ஊரில் இன்னும் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.