பஸ்ஸுக்கு நான் அடித்த பெயின்ட்

பாகூர் கடைத்தெருவில் எங்களுக்குப் பெயின்ட் கடை. மதியம் அப்பா சாப்பிடப் போனால் கல்லாவில் நான்தான். அந்த வெயிலில் ஒரு ஈ காக்கை வராது. அந்த நேரத்தில்தான், பஸ் ஓட்டும் கேமில் பஸ்ஸுக்கு நிறம் மாற்றக் கற்றுக்கொண்டேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கேமில் இருக்கும் பஸ் வெறும் கூடு. அதன் மேல் போர்த்தியிருப்பது ஒரு படம். அந்தப் படத்தைத் தனியாக எடுத்துப் பார்த்தால், பிரித்துப் பரப்பிய அட்டைப்பெட்டி மாதிரி இருக்கும். கூரை ஓரிடம், பக்கவாட்டு ஓரிடம், பம்பர் எங்கேயோ ஒரு மூலையில். அதற்குப் பதிலாக நாம் வரைந்ததை வைத்துவிட்டால் பஸ் நம்முடையது. கேட்க எளிது. நான் செய்த முதல் பஸ்ஸில் ஜன்னல் வந்து டயர் மேல் உட்கார்ந்தது. இரண்டாவதில் பின்கதவு கூரைக்குப் போய்விட்டது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், பொறுமை என்பது கிடையவே கிடையாது. ஆனாலும் இதை மட்டும் விட மனம் வரவில்லை.

மூன்றாவதாக நான் எடுத்துக்கொண்டது, கல்லூரிக்குப் போன நாட்களில் என்னை ஏற்றிச் சென்ற தனியார் பஸ். நான் ஓடி வருவது கண்ணாடியில் தெரிந்தால் டிரைவர் அண்ணன் வண்டியை நிறுத்திவிடுவார். வேப்பமரத்தடியில் பஸ் நிற்கும்போது சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்து, பக்கவாட்டில் அவற்றையே வெட்டி ஒட்டினேன். அதன் நீலத்தை எங்கள் கடையில் நிறம் காட்டும் ஷேடு கார்டை வைத்துப் பிடித்தேன். பம்பரின் வலது ஓரத்தில் ஒரு சிராய்ப்பு. முதலாளி கண்ணில் படாமலிருக்க, டிரைவர் அண்ணன் எங்கள் கடையில்தான் சின்ன டப்பா வாங்கிப் போய்ப் பூசியிருந்தார். அந்த நீலம் கொஞ்சம் வெளிறிப்போனது. அதையும் நான் விடவில்லை, நம்பர் பிளேட்டையும் விடவில்லை. ஊர் பஸ்ஸை வரைந்துவிட்டு நம்பர் போடாமல் விடுவார்களா? அப்படியே நெட்டில் ஏற்றினேன். யார் யாரோ எடுத்து ஓட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சில வாரம் கழித்து, கடையில் அப்பா தன் போனை என்னிடம் நீட்டினார். "பாத்தியா, நம்ம ரூட்டு பஸ்ஸு இன்னா பண்ணிட்டு ஓடுதுன்னு!"

எட்டு நொடி வீடியோ, மங்கலாக இருந்தது. நீல பஸ் ஒன்று, அதே நம்பரோடு, லாரியை முந்துகிறது. பைக்கில் போகிறவனை இடித்து வயலில் தள்ளுகிறது. நிற்காமல் போய்விடுகிறது. இரண்டாம் முறை பார்த்தபோதுதான் உறைத்தது. பஸ் வெட்டவெளியில் பறக்கிறது, அதன் பக்கவாட்டில் மட்டும் மரநிழல் ஒன்று அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது என் போட்டோவில் விழுந்திருந்த வேப்பமர நிழல். அதை அழிக்க மறந்திருக்கிறேன். யாரோ என் பஸ்ஸைக் கேமில் ஓட்டி, திரையைப் போனில் பிடித்து, அது கை மாறிக் கை மாறி ஊருக்கே நிஜமாகிவிட்டது.

அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை, பயம்தான். மறுநாள் காலை பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன். ஸ்டியரிங்கில் வேறு ஆள்.

"அண்ணன் எங்க?" என்று கண்டக்டரைக் கேட்டேன்.

"முந்தாநாளே மொதலாளி சாவிய வாங்கிட்டாரு. நீ வீடியோ பாக்கல? இன்னிக்கி பத்து மணிக்கு மண்டிக்கு வரச் சொல்லிக்கீறாரு. வேலைய வுட்டுத் தூக்கிட்டு போலீசுல குடுக்கப் போறாராம்."

முதலாளிக்கு வில்லியனூரில் அரிசி மண்டி. வீட்டுக்கு ஓடி லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினேன். நம்பர் பிளேட்டை அழிப்பது ஒரு நிமிட வேலை. வழியெல்லாம் அந்த ஒரு நிமிடத்தை நினைத்து என்னையே திட்டிக்கொண்டு போனேன். போய்ச் சேரும்போது மணி பத்தேகால்.

மூட்டைகளுக்கு நடுவே முதலாளி உட்கார்ந்திருந்தார். எதிரே டிரைவர் அண்ணன் நின்றிருந்தார். முகத்தில் இரண்டு நாள் தாடி.

"அது நெஜ பஸ் இல்லீங்க. கேமு. நான் வரைஞ்சது" என்றேன், மூச்சு வாங்க.

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாம்மா சொல்ற? அவனே ஒத்துகினானே. நான்தான் இடிச்சிருப்பேன், மன்னிச்சுக்குங்கன்னு கால்ல வுழுந்தான்."

அண்ணன் தலை நிமிராமலே சொன்னார். "அந்தப் பம்பர் பூச்சு என்னுதுதாம்மா. வேற எந்த பஸ்ஸுலயும் கெடையாது. தெனம் டைம் ஆயிடுச்சுன்னு வெரட்டினுதான் வரேன். எந்த எடத்துல இடிச்சேன்னுதான் ஞாபகம் இல்ல."

லேப்டாப்பைத் திறந்தேன். பேட்டரி சிவப்பில் இருந்தது. கேம் திறப்பதற்குள் அணைந்துவிட்டால் என்ன செய்வேன் என்று வேர்த்துக் கொட்டியது. ஒருவழியாக நீல பஸ் திரையில் நகர்ந்தது.

"நெழல பாருங்க. பஸ்ஸு ஓடுது, மரத்து நெழலும் கூடவே ஓடுது. எங்கயாவது உண்டா?"

முதலாளி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். தன் போனில் இருந்த வீடியோவைப் பக்கத்தில் வைத்து மறுபடி பார்த்தார். பிறகு மேசை டிராயரிலிருந்து பஸ்ஸின் மாற்றுச் சாவியை எடுத்து அண்ணன் பக்கம் தள்ளினார். என்னை மட்டும் விடவில்லை. "படிச்ச புள்ள! அடுத்தவன் வண்டி நம்பரப் போட்டா வெளையாடுவ? உங்கப்பன் வரட்டும்." அவர் திட்டியதில் ஒரு வார்த்தைகூட அநியாயம் இல்லை. நெட்டில் நான் ஏற்றியதை அவர் கண் முன்னாலேயே அழித்தேன்.

டிரைவர் அண்ணன் சாவியைத் தொடவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நாளா ஊர் ஊரா போய்க் கேட்டேம்மா" என்றார். "மணப்பட்டு வரைக்கும் போனேன். கரையாம்புத்தூர் போனேன். பைக்குல வுழுந்தவன் எவனாவது இருக்கானான்னு ஆஸ்பத்திரில ஒவ்வொரு கட்டிலா பாத்தேன். ஒருத்தனும் ஆம்புடல. செத்துட்டான்னே நெனைச்சேன்."

"அப்படி ஒரு ஆளே இல்லண்ணே. அது பொம்மை."

"யாரும் வுழலியா?"

"யாரும் வுழலண்ணே."

அவர் மூட்டையைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

"இன்னொருவாட்டி சொல்லும்மா" என்றார்.