வில்மாவின் ஸ்டெப்னி தாங்கி

வில்மா டூசெக் கெட்டவள் இல்லை, பிடிவாதக்காரி. அவளைத் திட்டத் தோன்றுகிறவர்கள் முழுக்கதையையும் கேட்டுவிட்டுத் திட்டட்டும்.

நெப்ராஸ்காவில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தட்டு நிரப்பினவள் அவள். புருஷன் எல்டன் தானிய லாரி ஓட்டினான். பிள்ளை குட்டி இல்லை. வேலை ஓய்ந்ததும் வீட்டை விற்றுவிட்டு, எழுபத்து நாலாம் வருஷத்து வீட்டு வண்டி ஒன்றை வாங்கினார்கள். அடுப்பு, குளிர்பெட்டி எல்லாம் உள்ளேயே. பின்பாதியில் இந்தப் பக்கம் அவள் கட்டில், அந்தப் பக்கம் அவன் கட்டில், நடுவே ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கிற சந்து. பனிக்காலம் அரிசோனாப் பாலைவனத்தில், கோடை சொந்த ஊரில். பிழைப்பு அப்படியே ஓடியது.

அந்த வண்டிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வண்டியின் முதுகில் தொங்கும் ஸ்டெப்னிக்கு உறை போட்டு, அதில் புருஷன் பெண்டாட்டி பெயரை எழுதிவைப்பார்கள். பாலைவனத்தில் தெருவா இருக்கிறது, கதவிலக்கம் எழுத? உறையைப் பார்த்துத்தான், "அட, இவங்க வந்தாச்சு" என்று காப்பிக்கு வருவார்கள். இருவரில் ஒருவர் போய்விட்டாலும் பெயரை அழிக்கமாட்டார்கள். வில்மாவின் உறையில் பெயரெழுதி, நடுவே பெரிய சூரியகாந்தி வரைந்து கொடுத்தது தங்கை ரோசலி. ஒரு இதழ் மட்டும் கோணிக்கொண்டு நிற்கும். வரையும்போது எல்டன் சிரிப்பு மூட்டிவிட்டான், அதனால் வந்த கோணல்.

எல்டன் இறந்துபோய் இரண்டு பனிக்காலம் கழிந்தும் அவன் கட்டிலில் விரிப்பின் மடிப்புக் கலையவில்லை. அதில் ஒரு துண்டைக்கூட வில்மா போட்டதில்லை.

பாலைவனத்தில் வெயில் ஏறத் தொடங்கிய நாளில் நெப்ராஸ்காவிலிருந்து ரோசலி போனில் கூப்பிட்டாள். ஈரலில் வந்த நோய்க்கு இனி மருந்தில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"வில்மா, ஆஸ்பத்திரிக்காரங்க வீட்டுல கொண்டாந்து போட்ட இந்த இரும்புக் கட்டில் எனக்குப் பிடிக்கல. நீ வண்டிய ஓட்டிக்கிட்டு வா. எங்க முற்றத்துல நிறுத்து. எல்டன் கட்டில்ல நான் படுத்துக்கறேன். சின்ன வயசுல மாதிரி பேசிக்கிட்டே தூங்கலாம்."

"எல்டன் கட்டில்லயா?"

"ஏன், குறட்டை விடுவேன்னு பயமா? அவனவிட நான் கம்மிதான்."

"வாடி, வந்து படு," என்றாள் வில்மா. வேறு யார் கேட்டிருந்தாலும் முடியாது என்றிருப்பாள்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினாள். முகாமின் மண்பாதையில் முதல் பள்ளத்தில் வண்டி இறங்கியதும் பின்னால் பெரிய சத்தம். ஸ்டெப்னி தாங்கி துருப்பிடித்து இற்றுப்போய், பம்பரிலிருந்து பிய்ந்துகொண்டது. டயர் தனியே உருண்டோடி ஒரு முள்புதரில் சாய்ந்தது. பக்கத்து வண்டி பெர்ட், காப்பிக் கோப்பையும் கையுமாக வந்து நின்றான்.

"பாத்தியா, உன் சமையல் தாங்காம எல்டன் குதிச்சு ஓடிட்டான்."

"வாய மூடிட்டு உருட்டிக்கிட்டு வா."

ஸ்டெப்னி இல்லாமலும் போக முடியாது. அந்தக் காலத்து அளவு டயரை இப்போது எந்தக் கடையிலும் வைப்பதில்லை. வழியில் பஞ்சரானால் அங்கேயே கிடக்கவேண்டியதுதான்.

"உள்ள போட்டுக்கிட்டுப் போயேன்," என்றான் பெர்ட்.

"எங்க போடுறது? சந்துல போட்டா கக்கூசுக்கு நான் பறந்தா போவேன்?"

"அந்தக் கட்டில் சும்மாதானே கெடக்கு."

"அது சும்மா கெடக்கல." பெர்ட் கோப்பையை வைத்துவிட்டுத் தன் பிக்கப் வண்டிச் சாவியை எடுத்துவந்தான்.

அந்தப் பழைய வண்டிக்குப் புதுத் தாங்கி செய்வாரில்லை. பெர்ட்டின் பிக்கப்பில் ஏறி இருவரும் காயலான் கடை காயலான் கடையாக அலைந்தார்கள். செத்த வண்டிகள் வரிசையாக வெயிலில் நின்றன. சிலவற்றின் முதுகில் உறை இன்னும் தொங்கியது. 'ஹெர்ப் – லுயீஸ்', 'ஓர்வில் – ஃபே' என்று வெளுத்த பெயர்கள். வில்மா ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே நடந்தாள். முதலில் கிடைத்த தாங்கி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உருண்டைப் பம்பருக்குச் செய்தது, அவளுடையதோ சதுரம். கொண்டுவந்து வைத்துப் பார்த்தபிறகுதான் தெரிந்தது.

ரோசலி மறுபடி கூப்பிட்டபோது குரல் தேய்ந்திருந்தது.

"எங்க வந்திருக்க?"

"இன்னும் கெளம்பல. தாங்கி கெடைக்கல."

"டயரக் கட்டில்ல தூக்கிப் போட்டுட்டு வாடி, கழுதை."

"நீ படுக்கப்போற கட்டில்டி அது. கிரீஸும் அழுக்கும் அப்பிக் கெடக்கு. அதோட, நான் பின்னால எடுத்து நிறுத்தறப்ப உன் பூ உனக்குத் தெரியவேண்டாமா?"

"சரி. சீக்கிரம் தேடு," என்றாள் ரோசலி.

இதுதான் அவள் பிடிவாதம். அதில் பாதி எல்டனுக்காக, பாதி ரோசலிக்காக. தனக்காக ஒன்றுமில்லை.

சரியான தாங்கி கடைசியில் யோலாண்டா என்பவளின் கடையில் கிடைத்தது. குப்புறக் கிடந்த வண்டியொன்றில் அது நல்லபடியாக இருந்தது. யோலாண்டாவே போல்ட்டை அறுத்து எடுத்துக் கொடுத்தாள். மறுநாள் வெல்டிங்காரன் வருவதாகப் பேச்சு. வில்மா தாங்கியைத் தேய்த்துக் கழுவி, உறையையும் ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்தாள்.

உறை காய்ந்துகொண்டிருக்கும்போதே ரோசலியின் புருஷன் மிலோ கூப்பிட்டான்.

"போயிட்டா வில்மா. மத்தியானம்தான்."

அவள் போனை வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"பெர்ட், டயர ஒரு கை புடி."

"நாளைக்கு வெல்டிங்காரன் வந்துருவானே."

"புடின்னா புடி."

உறையை மாட்டி, இரண்டு பேரும் டயரைத் தூக்கி, பூ மேலே தெரிய எல்டன் கட்டிலில் கிடத்தினார்கள். ஒரு காப்பி கொதிக்கிற நேரம்கூட ஆகவில்லை. வில்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வேலை இவ்வளவுதானா என்று பெர்ட்டிடம் கேட்டாள். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். தேடித் தேடி எடுத்த தாங்கியை அவன் வண்டியோரம் சாத்திவிட்டுக் கிளம்பினாள்.

வழியில் ஒரு டயரும் பஞ்சராகவில்லை.

நெப்ராஸ்கா வந்து சேர்ந்ததும் வண்டியைப் பின்னால் எடுத்து, ரோசலி சொன்ன முற்றத்திலேயே நிறுத்தினாள். அடக்கம் மறுநாள். வீட்டுக்குள் கசகசா வைத்த கொலாச்சி இனிப்பு ரொட்டிகளைத் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தார்கள் பக்கத்து வீட்டுப் பெண்கள். மிலோ வண்டியின் பின்புறத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வில்மா இருந்த வண்டிக்குள் படியேறி வந்தான். கையில் ஒரு சின்ன மஞ்சள் பெயிண்ட் டப்பா.

"பின்னால பூவக் காணோமேன்னு பாத்தேன்."

"இங்க இருக்கு," என்று எல்டன் கட்டிலைக் காட்டினாள் வில்மா.

மிலோ கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். "அந்தக் கோணல் இதழ நேராக்கணும்னு இத வாங்கிட்டு வரச் சொன்னா. தலைமாட்டுலயே வச்சிருந்தா."

வில்மா டப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். திறக்கவில்லை.

"அது கோணலாவே இருக்கட்டும் மிலோ."

அடக்கம் முடிந்த பிறகு மிலோவின் அண்ணன் மகன்கள் வந்து டயரை இறக்கிக் கொட்டகையில் வைத்தார்கள். எல்டனின் வெள்ளை விரிப்பில், டயர் கிடந்த இடத்தில் வட்டமாகக் கருப்புக் கறை. துவைத்துத் தருகிறேன் என்று பக்கத்து வீட்டுக்காரி வந்து கேட்டாள். வில்மா கொடுக்கவில்லை.