அம்மா ஊதி ஆற்றிய கஞ்சி

கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் அம்மா ஆயாவாக இருந்தாள். எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு மூக்கு துடைப்பது, மத்தியானம் கஞ்சி கொடுப்பது, தூங்கவைப்பது எல்லாம் அவள்தான். ஒவ்வொரு கரண்டிக் கஞ்சியையும் ஊதி ஊதித்தான் வாயில் வைப்பாள். மழை என்றால் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டுப் பிள்ளைகளுக்கு நடுவில் படுத்துக்கொள்வாள். இருமினால், "தாளிச்ச நெடி, மக்கா" என்பாள். நான் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். நெடி இத்தனை மாசம் இருக்காது என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போனால் வேலை போய்விடும் என்பதும் தெரியும்.

மெடிக்கல் காலேஜில் சேர்த்தபோது டிபி முற்றிப்போயிருந்தது. பத்து நாள்கூட இருக்கவில்லை.

அப்புறம் சுகாதார நிலையத்து சிஸ்டர் வீட்டுக்கு வந்தார். பாறசாலைப் பக்கம், எங்களைப்போலத் தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிறவர்.

"அம்மை யார் யார்கூட ரொம்ப நேரம் இருந்தா? ஒண்ணும் மறைக்கண்டாம், கேட்டியா."

நான் கஞ்சி ஊதியதைச் சொன்னேன். அம்மாவைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி இருந்தது.

"கஞ்சி வழியா இது வராது மோளே. காத்து வழியா வரும். ஜன்னல் சாத்தின முறியில எல்லாருக்கும் ஒரே காத்துதானே? பிள்ளைகளை டெஸ்ட் பண்ணணும். நீயும் வா. என்னைக் கண்டா ஓடும். உன்னைக் கண்டா கை நீட்டும்."

சாயங்காலம் அம்மாவைக் கூப்பிடப் போய்ப் போய் பிள்ளைகள் எல்லாருக்கும் நான் அக்கா. அவர்கள் பார்க்க எனக்குத்தான் முதல் ஊசி. முழங்கைக்குக் கீழே, தோலுக்கு அடியில் ஒரு சொட்டு மருந்து. சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம். ரெண்டு நாள் கழித்து அந்த இடம் பொங்கியிருந்தால், உடம்புக்கு அந்தக் கிருமியைத் தெரியும் என்று அர்த்தமாம். எட்டாம் கிளாஸோடு நிறுத்தியவள் நான். தோலுக்கு இவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. டாக்டரும் சொல்லாததை ஒரு சொட்டுத் தண்ணீர் மாதிரி மருந்து போய்க் கேட்டுவிட்டு வருமா?

ரெண்டாம் நாள் போனால், பாதிப் பேர் அந்த வட்டத்துக்குள் முள் வரைந்து வாட்ச் ஆக்கியிருந்தார்கள்.

சிஸ்டர் சிவப்பைப் பார்க்கவில்லை. விரலால் தடவித் தடவிக் கட்டியைத் தேடினார். ஒவ்வொரு கையாக வழுவழுவென்று வந்தது. எனக்கு ஒவ்வொரு தடவையும் மூச்சு வந்தது. சிவப்புகூட வராத ஒரு பையன் அழவே ஆரம்பித்துவிட்டான்.

"எனிக்கு மட்டும் செவக்கல! இன்னும் ஒண்ணு குத்து சிஸ்டரே!"

"போடா, உனக்கு லாட்டரி அடிச்சிருக்குடா" என்றார் சிஸ்டர்.

கடைசியில் ஒரு குட்டி வந்தாள். நாலு வயசு. பள்ளிக்கூடத்தில் என் அம்மாவின் மடியை விட்டு இறங்கவே மாட்டாள். சிஸ்டரின் விரல் நின்றது. கட்டியை அளக்க ஸ்கேலை எடுத்தார்.

அவளுடைய அம்மா வாசலில் நின்றிருந்தாள். ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவள், தென்காசிக்காரி. ஸ்கேலைப் பார்த்ததும் என்னிடம் வந்தாள்.

"ஒங்கம்ம எம்புள்ளைக்கு என்னத்தக் குடுத்துட்டுப் போயிருக்கா பாத்தியாட்டி? எம்புள்ள செத்துப்போனா நீ தருவியா?"

சுடிதார் கையை மேலே சுருட்டிக் காட்டினேன். எனக்கும் பொங்கியிருந்தது. குட்டியுடையதைவிடப் பெரிசாக. அவள் அதையே பார்த்தாள். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, "வா, எக்ஸ்ரேக்கு எங்க போணும்?" என்றாள். மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் போனோம்.

குட்டியின் எக்ஸ்ரேயை டாக்டர் வெளிச்சத்தில் மாட்டினார். நாலு வயசு நெஞ்சு. என் ரெண்டு உள்ளங்கையை விரித்தால் மூடிவிடலாம். எலும்பெல்லாம் ஈர்க்குச்சி மாதிரி. நடுவில் புகை மாதிரி சின்ன இதயம். வெள்ளையாக ஒரு பொட்டாவது இருக்குமோ என்று தேடிக்கொண்டே, இவ்வளவு அழகாக ஒன்றை நான் பார்த்ததில்லை என்றும் நினைத்தேன்.

"நெஞ்சு க்ளியர்" என்றார் டாக்டர். "ரெண்டு பேருக்கும் நோயில்ல. கிருமி உள்ள உறங்குது. முழிக்கறதுக்கு முந்தி கொன்னுடணும்."

குட்டியின் அம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து மாத்திரை அட்டையைக் கையில் எடுத்தேன். அம்மாவின் சேலையைக்கூட எரித்துவிட்டார்கள். அவள் மூச்சிலிருந்து வந்து இந்த உலகத்தில் மிச்சமிருப்பது என் நெஞ்சிலும் அந்தக் குட்டி நெஞ்சிலும் தூங்குகிறது. அதைக் கொல்லச் சொல்கிறார்கள். இதை யாரிடமும் சொன்னதில்லை. முதல் வாரத்து மாத்திரையை வீட்டிலேயே போடச் சொல்லியிருந்தார்கள்; நான் போடவில்லை.

வாரத்துக்கு ஒருநாள் மாத்திரை; ரெண்டாம் வாரத்திலிருந்து சுகாதார நிலையத்தில் சிஸ்டர் முன்னால் போடவேண்டும். அடுத்த சனிக்கிழமை போனபோது குட்டி முந்தியே வந்திருந்தாள்.

"அக்கா, மாத்திரை தின்னதும் எனிக்கு ஒண்ணுக்கு ஃபேண்டா கலர்ல போச்சு! உனக்கு?"

"எனக்கு இன்னும் இல்ல."

"ஐயே! நீ மாத்திரை தின்னலியா?"

சிஸ்டர் என்னைப் பார்த்தார். குட்டியின் அம்மா என் முன்னால் தண்ணீர் டம்ளரைத் தள்ளி வைத்தாள். "தின்னுட்டி" என்றாள். அதட்டல் இல்லை.

மாத்திரையை எடுத்தேன். "இரு இரு" என்று குட்டி டம்ளரைப் பிடுங்கினாள். பச்சைத் தண்ணீர்தான். கன்னத்தை உப்பவைத்து மூன்று தடவை ஊதினாள். விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள், என் அம்மா கஞ்சியைப் பார்ப்பதுபோலவே.

"இப்ப குடி. சுடாது."

குடித்தேன்.