வெங் அக்கா உரித்துப் பார்த்த பேட்டரிகள்

என் புருஷன் கிரிசாந்தோவின் கால்சட்டைப் பை தீப்பிடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். என் சலவைக் கடை வாசலில் நின்றபடி இஞ்சிக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். உஸ்ஸென்று ஒரு சத்தம். தான் சவாரி ஓட்டும் டிரைசைக்கிளின் டயரில் காற்று இறங்குகிறது என்று நினைத்து, கஞ்சிக் கிண்ணத்தோடு குனிந்து டயரைப் பார்த்தார். நானும் டயரைத்தான் பார்த்தேன். அதற்குள் அவர் வலது தொடையிலிருந்து வெள்ளையாகப் புகை பீறிட்டது. பின்னாலேயே நெருப்பு வந்தது.

அவர் கத்தினாரா என்பதுகூட எனக்கு நினைவில்லை. அலசி வைத்திருந்த துணியோடு தொட்டித் தண்ணீரை அப்படியே அவர் மேல் கொட்டியது மட்டும்தான் நினைவிருக்கிறது. கருகிய துணியைக் கிழித்துக்கொண்டு விரல் நீளத்தில் ஒரு பேட்டரி ரோட்டில் விழுந்து, அங்கேயும் சீறியபடி ஒரு சுற்று சுற்றியது. அதன் பக்கத்தில் அவருடைய வண்டிச் சாவி கருத்துப்போய்க் கிடந்தது.

பக்கத்துக் கடையிலிருந்து வெங் அக்கா ஓடி வந்தாள். அவரைப் பார்த்தாள், கீழே கிடந்த பேட்டரியைப் பார்த்தாள். வாயில் கை வைத்தவள் எடுக்கவே இல்லை. அந்த மின்சிகரெட் பேட்டரியை விற்றவளே அவள்தான்.

ரொவேனா பலுயொத் என்று அவள் முழுப்பெயரைச் சொன்னால் மணிலாவுக்குத் தெற்கே இமுஸில் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. வெங் என்றால் தெரியும். ரொசாரியோவில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையின் பரிசோதனை மேசையில் பதினோரு வருஷம் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தவள். சர்க்யூட் பலகையில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் எடுத்து ஓரமாக வைத்துவிடுவாள். சிகரெட்டாலேயே நுரையீரல் கெட்டு அவள் புருஷன் ஐம்பது வயதுக்குள் போய்ச் சேர்ந்தார். அடுத்த வருஷம் தொழிற்சாலையில் ஆள் குறைத்தார்கள். கையில் வந்த தொகையைப் போட்டு மின்சிகரெட் கடை திறந்தாள். "என் வீட்டுக்காரரக் கொன்னது போல இது கொல்லாதுல்ல லிகாயா" என்று என்னிடம் சொன்னாள். அவள் ஒருநாளும் அதை வாயில் வைத்ததில்லை. சனிக்கிழமைகளில் யார் பெரிய புகைமேகம் விடுவது என்று அவள் கடையில் போட்டி நடக்கும். என் கடையில் காயும் வெள்ளைத் துணியெல்லாம் அந்தப் புகையின் மாம்பழ வாசம் அடிக்கும். அதற்காக நாங்கள் இருவரும் சண்டை போட்டிருக்கிறோம், சேர்ந்தே சாப்பிட்டும் இருக்கிறோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவர் தொடையிலிருந்து துணி நூல்களை ஒவ்வொன்றாக எடுத்தார். "பைக்குள்ள என்னய்யா வச்சிருந்த, வெடியா?" என்று கேட்டார். கிரிசாந்தோ பல்லைக் கடித்துக்கொண்டு, "புகை பிடிக்கிறத நிறுத்தணும்னு வாங்கினது டாக்டர்" என்றார். சிரிக்கவா அழவா என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம் நேராக வெங் கடைக்குப் போனேன். தெருவே கேட்கிற மாதிரி திட்டுவதென்று வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனேன்.

"அடியே வெங்! என் புருஷன் காலு வெந்துகிடக்கு. நீ இங்க கடையத் தொறந்து வச்சிக்கிட்டு உக்காந்திருக்கியா?"

அவள் நிமிரவில்லை. கையில் சின்னக் கத்தி. மேசையெங்கும் ஊதா நிற உறைகள் வெங்காயத் தோல் போல உரிந்து கிடந்தன. விற்காமல் மீந்த பேட்டரிகளையெல்லாம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"திட்டு. ஆனா மொதல்ல இதப் பாரு."

ஊதா உறையின் மேல் நாற்பது ஆம்ப் என்று பெரிதாகப் போட்டிருந்தது. அதை உரித்தால் உள்ளே பச்சை உறை, பழசு, கீறல் விழுந்தது. அதையும் உரித்தாள். தகரம் தெரிந்தது. அடியில் அரத்தால் தேய்த்த தடம்.

"என்ன இது?"

"செத்த லேப்டாப்புக்குள்ள இருந்த செல்லு. ஒண்ணோட ஒண்ண பத்தவச்சு ஒட்டின புள்ளிய அரத்தால தேச்சு அழிச்சிருக்கான். மேல புது உறை போட்டு, வாய்க்கு வந்த நம்பர அடிச்சிருக்கான். இந்த அளவு பேட்டரியில நாப்பது ஆம்ப் விடாம தர்றதுன்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாது லிகாயா. நேத்துதான் உக்காந்து படிச்சேன். நேத்துதான்!"

முப்பத்தாறு பேட்டரி. முப்பத்தொன்று அப்படித்தான் இருந்தது.

"பதினோரு வருஷம் கீறல் பாத்த கண்ணுடி இது. அந்த அரத் தடம் உறையைப் பிரிக்காமலே வெளிய தெரியுது. கவுத்துப் பாத்திருந்தாப் போதும். ஒரு தடவை கூட கவுத்துப் பாக்கல."

திட்ட வந்த நான் ஒரு பேட்டரியை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தேன். பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள்: "அண்ணன் அத சாவியோட ஒரே பையிலயா போட்டிருந்தாரு?"

"பழிய அவரு தலையில கட்டப் பாக்குறியா?"

"இல்லடி. உறை கிழிஞ்ச பேட்டரியில சாவி பட்டா, அசலா இருந்தாலும் எரியும். தனியா டப்பியில போட்டு வச்சுக்கணும். அத அவருக்குச் சொல்லாம வித்தவ நானு."

அன்று சாயங்காலமே அவள் தன் கடையின் இணையப் பக்கத்தில் உரித்த பேட்டரியின் படத்தைப் போட்டு, எல்லாரும் திருப்பிக் கொண்டுவாருங்கள் என்று எழுதினாள். வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மறுநாள் முதல் வீடு வீடாகப் போனாள். கூட நானும் போனேன். வீட்டில் அவர் முனகுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

ஜீப்னி பஸ்களைக் கழுவும் பொயெத் தன் மின்சிகரெட் கருவியைக் காட்டினான். உள்ளே சர்க்யூட் எதுவும் இல்லாத வெறும் பித்தளைக் குழாய். பட்டனை அமுக்கினால் பேட்டரியில் இருக்கிறதெல்லாம் நேராகப் புகை கிளப்பும் கம்பிச்சுருளுக்குப் போகும், தடுக்க எதுவும் கிடையாது.

"நல்லாத்தானே அக்கா வேல செய்யுது. கொஞ்சம் சூடாகும். காலையில தண்ணியில நின்னுட்டு வந்து பிடிச்சா கைக்கு இதமா இருக்கும்."

வெங் அதை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். "இதமாவா? டேய், லேப்டாப்புக்குக் கொஞ்சம் கொஞ்சமா குடுத்துப் பழகின செல்லு இது. அதுகிட்ட ஒரே மூச்சுல இருபத்தெட்டு ஆம்ப் இழுக்குற. இதத்தான் நீ மூஞ்சிக்கு நேரா பிடிச்சிக்கிட்டு நிக்கிற!"

பொயெத் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். இன்னொரு வீட்டில் தொட்டிலுக்குப் பக்கத்தில், மெத்தை மேலேயே பேட்டரி சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. வெங் போய் பிளக்கைப் பிடுங்கினாள். வெளியே வந்து சாக்கடை ஓரம் குந்தி வாந்தி எடுத்தாள்.

பேட்டரி சப்ளை செய்தவன் ஓபெத் சார்மெந்தா. மணிலாவிலிருந்து மோட்டார்சைக்கிளில் வருவான், எல்லாரையும் அக்கா அக்கா என்பான். பாரங்காய் என்னும் எங்கள் வட்டார மன்றத்தில் புகார் கொடுத்தோம். மூன்றாவது தடவை ஆள் அனுப்பிய பிறகுதான் வந்தான். கிரிசாந்தோ கம்பு ஊன்றி வந்திருந்தார்.

"நான் மொத்தமா வாங்குறேன், மொத்தமா விக்கிறேன்" என்றான் ஓபெத். "உறைக்குள்ள என்ன இருக்குன்னு நான் எக்ஸ்ரே எடுக்க முடியுமா, கேப்டன்?"

கேப்டன் என்று எல்லாரும் கூப்பிடும் மன்றத் தலைவி அம்மா சமரசக் கடிதம் எழுத உள்ளே போனார். நாங்கள் தாழ்வார பெஞ்சில் உட்கார்ந்தோம். ஓபெத்தும் அங்கே வந்து தன் மின்சிகரெட்டை எடுத்தான். பேட்டரி தீர்ந்திருந்தது போல. பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பியை எடுத்து, அதற்குள்ளிருந்து இரண்டு பேட்டரிகளைப் பதமாக எடுத்தான்.

வெங் எழுந்து போனாள். "தம்பி, அத கொஞ்சம் காட்டு."

யோசிக்காமல் கொடுத்துவிட்டான். அவள் கவிழ்த்துப் பார்த்தாள். அடிப்பக்கம் வழவழவென்று இருந்தது. சாதாரண உறை. பகட்டு இல்லாமல் சின்ன எழுத்தில் இருபது ஆம்ப்.

"இது நீ எனக்குக் குடுத்த சரக்கு இல்லையே."

"அது வேறக்கா. இது கொஞ்சம் நல்ல கம்பெனி."

"அப்ப எனக்குக் குடுத்தது?"

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான், வெயில் அதிகம் என்று சொல்வது போல: "என்னக்கா நீங்க, எங்க வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்குதுல்ல."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே புரிந்தது. கிரிசாந்தோவின் கம்பு தரையில் விழுந்தது. அடிக்கப் போகிறார் என்று நினைத்து நான் அவர் கையைப் பிடித்தேன். அவர் என் தோளில் சாய்ந்துகொண்டார். வெங் அந்த இரண்டு பேட்டரியையும் அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள். "பத்திரமா வச்சுக்கோ" என்றாள். திட்டியிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான்.

ஆஸ்பத்திரிச் செலவை ஏற்பதாகக் கையெழுத்துப் போட்டான். இரண்டு மாசம் கொடுத்தான், பிறகு ஆளும் இல்லை, போன் நம்பரும் இல்லை. வேறு எந்த ஊரில் யாரை அக்கா என்று கூப்பிடுகிறானோ.

வெங் கடையை மூடுவாள் என்று நினைத்தோம். மூடவில்லை. ஆனால் அங்கே பேட்டரி வாங்குவது பரீட்சை எழுதுவது போல ஆகிவிட்டது. கருவியைக் கொண்டுவா என்பாள். கம்பிச்சுருளை அளந்து, எத்தனை ஆம்ப் இழுக்கும் என்று கணக்குப் போடுவாள். பித்தளைக் குழாய் வைத்திருப்பவன் புதிதாகப் பழகுகிறவன் என்றால், "சர்க்யூட் உள்ளத வாங்கிட்டு வா, போ" என்று அனுப்பிவிடுவாள். டப்பி இல்லாமல் ஒரு பேட்டரியும் வெளியே போகாது. உறையில் நகக்கீறல் இருந்தாலும் புது உறை போட்டுத்தான் திருப்பித் தருவாள். பாதி வாடிக்கை எதிர்க் கடைக்குப் போய்விட்டது. புகைப் போட்டியும் நின்றது.

கிரிசாந்தோவுக்குத் தொடையில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சுருங்கிக் கிடக்கிறது. மழை நாளில் அரிக்கும். வெங்கை நான் மன்னித்தேனா என்று என் தங்கை ஒருமுறை கேட்டாள். தெரியவில்லை. தோல் ஒட்டுகிறவரை முப்பது நாள் தினமும் காலையில் வந்து அவர் கட்டைப் பிரித்து மாற்றியவள் அவள்தான். என்னால் அந்தப் புண்ணைப் பார்க்கவே முடியவில்லை. அவள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்து, எங்காவது ஒரு நூல் ஒட்டியிருக்கிறதா என்று அங்குலம் அங்குலமாகப் பார்ப்பாள்.