பாட்டிக்கு அவுட் கிடையாது

போன வருஷம் பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. பெரும்பாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில், கார் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் உள்ள மண் தரையில் நடந்தது இது. பெரிய விஷயம் ஒன்றும் இல்லை, ஒரு விளையாட்டுதான். ஆனாலும் அன்றைக்கு நான் வாயைத் திறந்து சொன்னதை இப்போதும் என்னாலேயே நம்ப முடியவில்லை.

எனக்கு அறுபத்தெட்டு வயது. மகன், மருமகள், பத்து வயதுப் பேத்தியோடு இருக்கிறேன். ஆள் கூச்சம் எனக்குப் பிறவிக் குணம். லிஃப்டில் யாராவது ஏறினால் அவர்கள் இறங்கும்வரை மாடி எண்களையே பார்த்துக்கொண்டு நிற்பேன். இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகியும் எதிர் வீட்டுப் பெண்ணிடம் "சாப்பிட்டாச்சா" என்பதற்கு மேல் பேசியதில்லை.

அந்த லிஃப்டில்தான் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். குடும்ப விளையாட்டு நாள், ஏழு கல் ஆட்டம். வீட்டுக்கு நாலு பேர் ஒரு அணி, அதில் ஒருவர் கட்டாயம் அறுபது தாண்டியவராக இருக்க வேண்டும். ஜெயிக்கிற குடும்பத்துக்கு நாலு பேட்டும் நெட்டும் உள்ள ஷட்டில் செட். பேத்தி அதைப் படித்த நாளிலிருந்து என்னை விடவில்லை. அந்த நெட்டை எந்த இரண்டு கம்பத்தில் கட்டுவது என்றுகூட முடிவு பண்ணிவிட்டாள்.

"பாட்டி, ப்ளீஸ். நீ வரலைன்னா நமக்கு டீமே கிடையாது."

"என்னால ஓட முடியாதுடி."

"நீ ஓடவே வேணாம். சும்மா நின்னா போதும். நீ ஒப்புக்குச் சப்பாணி."

மிகச் சின்னப் பிள்ளை அழுமே என்று ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள் இல்லையா, ஆனால் அதைப் பிடித்தாலும் அவுட் கிடையாது, அதுதான் ஒப்புக்குச் சப்பாணி. அஞ்சாவதோடு என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தினார்கள். அன்றோடு விளையாட்டும் நின்றது. அதற்கப்புறம் இப்படியாவது ஒரு இடம் கிடைக்கிறதே என்று ஒத்துக்கொண்டேன். மருமகள்தான், "அத்தை, புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கோங்க, தடுக்கிடப் போகுது" என்று பின் குத்திவிட்டாள்.

ஏழு கல் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். டைல்ஸ் உடைசல்கள் ஏழை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைப்பார்கள். ஒரு அணி பந்தால் அடித்து அதைச் சரிக்கும். சரித்தவர்களே திரும்பவும் ஏழையும் அடுக்கிவிட்டால் அவர்களுக்கு வெற்றி. அடுக்கவிடாமல் எதிர் அணி பந்தால் அடிக்கும். முட்டிக்குக் கீழே பந்து பட்டவர் அவுட். நாலு பேரும் அவுட்டானால் தோல்வி. பந்து மெத்தென்ற ஸ்பாஞ்ச் பந்துதான், வலிக்காது.

எங்கள் பிளாக்கில் இருக்கும் ஓய்வு பெற்ற பி.டி. வாத்தியார் ஒருவர் விசிலோடு நின்றார். முதல் ஆட்டத்தில் மகன் கல்லைச் சரித்தான். எல்லாரும் திசைக்கு ஒருவராக ஓட, நான் மட்டும் கல்லுக்குப் பக்கத்தில் நின்றேன். எதிர் அணியில் ஒரு காலேஜ் பையன் எறிந்த பந்து என் காலில் பட்டுவிட்டது. அந்தப் பிள்ளை பதறிப்போய் ஓடிவந்து, என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "சாரி பாட்டி" என்றான். அவன் கும்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் பேத்தி இரண்டு கல்லை அடுக்கிவிட்டாள். கூட்டமே சிரித்தது.

"பெரியவங்க மேல பட்டா கணக்கில்ல. ஆட்டம் போகட்டும்!" என்று வாத்தியார் விசில் ஊதினார்.

அப்புறம் என் பக்கம் பந்தே வரவில்லை. யாருக்கும் என்னை அடிக்கக் கை வரவில்லை. பேத்திக்கு இது சட்டென்று பிடிபட்டுவிட்டது.

"பாட்டி, உன்னை யாரும் அடிக்க மாட்டாங்க. நாங்க ஓடி ஆட்டம் காட்டறோம். நீ பாட்டுக்கு அடுக்கு!"

அடுக்குவதா எனக்குக் கஷ்டம்? நாற்பது வருஷமாகத் தட்டும் கிண்ணமும் கவிழ்த்து அடுக்கிய கை. குனிந்து, ஓரம் பார்த்து, படபடவென்று வைத்தேன். முதல் ஆட்டம் எங்களுக்கு. இரண்டாவதும் எங்களுக்கு. "பாட்டி சூப்பர்!" என்று யார் யாரோ கத்தினார்கள். எனக்கும் உள்ளுக்குள்ளே கொஞ்சம் மிதப்பு ஏறிவிட்டது என்பதை மறைக்கக் கூடாது.

கடைசி ஆட்டத்துக்கு முன்னால் தண்ணீர் குடிக்கக் குழாயடிக்குப் போனேன். தூணுக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"அவங்க ஆடறாங்களாக்கும்? அந்தப் பாட்டியைத் தடுப்புச் சுவரு மாதிரி நிறுத்தி வச்சிட்டு ஜெயிக்கிறாங்க."

"ஆமா, சுவத்த எவன் அவுட்டாக்க முடியும்?"

கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. அவர்கள் சொன்னது பொய்யில்லையே.

கடைசி ஆட்டம் எதிர் பிளாக் பாய் குடும்பத்தோடு. பாய்க்குப் பல்லாவரத்தில் மரக்கடை. அவர், அவர் சம்சாரம், மகன், எழுபது தாண்டிய அவருடைய அத்தா, அதாவது அப்பா, இந்த நாலு பேர். பாய் சம்சாரம் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடின ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வந்த வேகத்தில் என் மகனை அவுட்டாக்கினார். மருமகளும் கொஞ்ச நேரத்தில் போனாள். மிச்சம் நானும் பேத்தியும்.

ஐந்து கல் அடுக்கியாகிவிட்டது. ஆறாவதைக் கையில் எடுத்தேன். பேத்தி எனக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து ஓடினாள். பந்து அந்த அம்மா கையில். நான் நடுவில். அவர் எறிய ஓங்குவதும், என்னைப் பார்த்துத் தயங்குவதுமாக இருந்தார். "அடிங்க, அடிங்க!" என்று அவர்கள் பிளாக் மொத்தமும் கத்தியது. அவர் பேத்தியின் காலைக் குறிவைத்துத் தாழ்வாக எறிந்தார். பந்து அவள்மேல் படவில்லை. என் கணுக்காலில் உரசிக்கொண்டு போனது.

புடவையில் இல்லை, காலிலேயேதான் பட்டது. எனக்குத் தெரியும். வாத்தியாரும் பார்த்தார். ஆனால் விசில் ஊதவில்லை. பந்து தூரத்தில் சுவரோரம் உருண்டு போய்விட்டது. அவர்கள் எடுத்து வருவதற்குள் இரண்டு கல்லையும் வைத்துவிடலாம். ஷட்டில் செட் எங்களுக்குத்தான்.

"வை பாட்டி! வை, வை!" பேத்தி குதிக்கிறாள்.

நான் கல்லை வைக்கவில்லை. "பட்டுச்சு" என்றேன். என் காதிலேயே விழவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். மூன்றாம் தடவை எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியாது.

"சார், பட்டுச்சு! நான் அவுட்டு!"

அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். 

"அம்மா, நீ சும்மா இரும்மா. சாரே ஒண்ணும் சொல்லல" என்றான் மகன் கோட்டுக்கு வெளியிலிருந்து.

வாத்தியார் பக்கத்தில் வந்து மெதுவாக, "பரவால்லம்மா, பெரியவங்களுக்கு அதெல்லாம் பாக்கறதில்ல. நீங்க ஆடுங்க" என்றார்.

"அவுட்டே கிடையாதுன்னா அப்புறம் நான் எதுக்கு சார் ஆட்டத்துல?"

  அவர் விசிலை வாயில் வைத்து நீளமாக ஊதி, மற்றவர்களுக்குக் காட்டுவது போலவே கையை உயர்த்திக் காட்டினார். நான் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்துவிட்டு, கோட்டைத் தாண்டிப் போய் மகனுக்குப் பக்கத்தில் நின்றேன்.

திடீரென்று பாயுடைய அத்தா கைத்தடியைத் தூக்கிக் கத்தினார். "அப்போ எனக்கும் அவுட்டு உண்டுப்பா! காலையிலேருந்து நானும் கம்பமாட்டம் நின்னுகினு கீறேன், ஒருத்தனும் சீண்ட மாட்டேங்கிறான்!"

அதோடு கூட்டத்தின் இறுக்கம் உடைந்தது. எல்லாரும் சிரித்துக் கை தட்டினார்கள். பேத்தி மட்டும் சிரிக்கவில்லை. தனி ஆளாக ஆறாவது கல்லை வைத்துவிட்டாள். ஏழாவதை எடுக்கக் குனிந்தபோது பாயின் மகன் அடித்த பந்து அவள் காலில் பட்டது. தோற்றோம்.

அன்றைக்கு மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. "நீ ஏன் சொன்னே? யாரும் கேக்கலையே" என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.  குழந்தை ஆசையைக் கெடுத்துவிட்டோமே, நம் கௌரவம் அவ்வளவு முக்கியமா என்று ஒரு வாரம் மனசு அரித்தது. அந்த வாரம் முழுக்க அவள் என்னிடம் தலை பின்னிக்கொள்ள வரவில்லை. அம்மாவிடமே பின்னிக்கொண்டு போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வாசல் மணி அடித்தது. பாய் வீட்டு அம்மா நின்றுகொண்டிருந்தார். கையில் இரண்டு பேட்.

"அம்மா, நெட்டு கட்டியாச்சு. வாங்க, ஆடலாம். பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க."

"எனக்கு இது தெரியாதேம்மா."

"எங்களுக்கு மட்டும் தெரியுமாக்கும்? எங்க மாமனாரும் கீழ வந்துட்டாரு. உங்களோடதான் ஆடுவேன்னு அடம்."

பேத்தி என் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். அந்த அம்மா ஒரு பேட்டை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். பிறகு, "பாட்டி, செருப்பு மாட்டு" என்றாள். ஒரு வாரம் ஆகியிருந்தது, அவளாக என்னிடம் பேசி.

அன்றையிலிருந்து எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஞாயிற்றுக்கிழமைக் காலை விளையாட்டுதான். மகன் தொப்பை கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று மருமகள் சொல்கிறாள். எனக்கு முட்டி வலி குறைந்ததா என்று தெரியாது, வலிக்கிறதே என்ற நினைப்பு குறைந்திருக்கிறது. இப்போது லிஃப்டில் யார் ஏறினாலும் நான்தான் முதலில் பேசுகிறேன் என்றெல்லாம் சொல்லமாட்டேன். ஆனால் கீழே போனால் ஒரு நாலைந்து பேர் "என்ன பாட்டி, இன்னிக்கு ஆட்டம் உண்டா?" என்று கேட்கிறார்கள். நானும் நின்று பதில் சொல்கிறேன்.

மே மாத லீவில் இரண்டு வீட்டாரும் சேர்ந்து ஏலகிரிக்குப் போனோம். பேத்தி துணிப்பையில் எதையோ தூக்க முடியாமல் தூக்கி வந்தாள். பிரித்தால் டைல்ஸ் துண்டுகள். "மலைக்குக் கல்லு எடுத்துட்டுப் போற குடும்பம் உலகத்துலயே நம்மதான்" என்று மகன் சிரித்தான். தங்கின இடத்துக்கு முன்னால் இருந்த புல்தரையில் காலையிலேயே ஆட்டம் ஆரம்பித்துவிட்டோம். இந்த முறை பேத்தி எதிர் அணியில்.

நாங்கள் கல்லைச் சரித்தோம். நான் குனிந்து முதல் கல்லை வைத்தேன், இரண்டாவதை எடுத்தேன். அவ்வளவுதான், குதிகாலில் பட்டென்று ஒரு அடி. திரும்பிப் பார்த்தால் பேத்தி. கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. வந்து காலைத் தொட்டுக் கும்பிடவும் இல்லை. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, அந்த மலைக்கே கேட்கிற மாதிரி, "பாட்டி அவுட்டு! பாட்டி அவுட்டு! வெளிய போ!" என்று கத்தினாள்.

நான் சிரித்துக்கொண்டே வெளியே போய் நின்றேன். எத்தனையோ பேர் எத்தனையோ முறை எழுந்து எனக்கு நாற்காலி கொடுத்திருக்கிறார்கள், ஆனால் என்னை ஒரு ஆளாகக் கணக்கில் வைத்து அந்தக் குழந்தை "வெளிய போ" என்று சொன்னதே என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை என்று இன்றும் நினைக்கிறேன்.