டபுள் பாஸ் வாசித்த பீர் பாய்

பீர் பாய் இன்று காலையில் போய்விட்டார். ஹார்ட் அட்டாக்.

ரிகர்சலுக்குக் கிளம்பி, குர்லாவில் டிரெயின் மாறும்போது ஆர்கெஸ்ட்ரா குரூப்பில் மெசேஜ் பார்த்தேன். பார்த்துக்கொண்டே தப்பான வண்டியில் ஏறி, திரும்பி, இப்போது சயான் ஸ்டேஷனில் நின்றபடி இதை டைப் செய்கிறேன். உட்கார முடியவில்லை...

தெரியாதவர்களுக்கு: மேலப்பாளையத்துக்காரர், தாராவியில் லெதர் பேக் பட்டறை. நான் வயோலா வாசிக்கும் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் டபுள் பாஸ் அவர்தான். வயலின் மாதிரியே, ஆனால் ஆளைவிட உயரமான, நின்றுகொண்டே வாசிக்கும் வாத்தியம்.

அவர் வந்து சேர்ந்தபோது நாங்கள் மாட்டுங்காவில் ஒரு ஸ்கூல் ஹாலில் கூடும் சின்னக் கூட்டம். முக்கால்வாசி வயலின். வயலின் கேஸ்களுக்குக் கவர் தைத்துக் கொண்டுவந்த பாய், மூலையில் சாத்தியிருந்த பாஸைப் பார்த்து நின்றார்.

"இத யாரு வாசிக்கா?"

"வாசிச்சவர் புனே போயிட்டார் பாய்."

"அப்ப நான் படிக்கலாமா?"

ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். சும்மா கேட்கிறார் என்று நினைத்தோம். அடுத்த வாரமே டெம்போ பிடித்து பாஸை ஏற்றிக்கொண்டு போனார். ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் எங்கள் கண்டக்டர் ரமணி சாரை விடாமல் துரத்திக் கற்றுக்கொண்டார்.

பிறகு ஸ்கூல் ஹாலை கோச்சிங் கிளாசுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"பட்டறைக்கு மேல மாடி சும்மாதான கெடக்கு. ஞாயித்துக்கெழம மிஷின் ஓடாது. வாங்க," என்றார் பாய்.

தோல் வாசனை, பசை வாசனை, நடுவில் நாங்கள்... ஜன்னலுக்குக் கீழே தெருவே நின்று கேட்டது. தாராவி லேபர் கேம்ப் சர்ச் பேண்டில் ஊதியவர்கள் டிரம்பெட்டோடு ஏறி வந்தார்கள். பாண்டுப்பிலிருந்து ஒரு நர்ஸ், கிளாரினெட்டோடு. அப்படித்தான் முழு ஆர்கெஸ்ட்ரா ஆனோம்.

டவுனில் ஒரு பெரிய ஹாலில் வாசிக்கக் கூப்பிட்டார்கள். அதற்கு மட்டும் பாய்க்குப் பதிலாக வெளியிலிருந்து ஒரு பாஸ் பிளேயரை வைத்துக்கொள்ளலாம் என்றது எங்கள் கமிட்டி.

பாய் சண்டை போடவில்லை. வழக்கம்போல மாடியைத் திறந்துவிட்டார். கீழே தனியாக உட்கார்ந்து தோலைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் மெதுவாக வாசிக்கும் இடத்திலெல்லாம் டக் டக் டக்...

ரமணி சார் பாதியில் நிறுத்தி இறங்கிப் போனார். பின்னாலேயே நானும்.

"பாய், உங்க சுத்தி ஃபாஸ்டா போறது."

"எம் பட்டறைல நான் அடிக்கேன் சார்."

"மேல வந்து வாசிங்கோ. கமிட்டிகிட்ட நான் பேசிக்கறேன்."

"வெளியாள் வாராருல்லா?"

"அவரும் வரட்டும். ரெண்டு பேரா நில்லுங்கோ."

பாய் எழுந்திருக்கவில்லை. "வேண்டாம்னா எங்கிட்ட நேர்ல சொல்லிருக்கலாம் சார்," என்றார்.

ரமணி சார் அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் மேலே போய்விட்டேன். ரொம்ப நேரம் கழித்து இரண்டு பேரும் சேர்ந்து ஏறி வந்தார்கள்.

டவுனில் வாசித்தார். அடுத்த மாதம் அதே கச்சேரி லேபர் கேம்ப் மைதானத்தில்... அது அவர் பிடிவாதம். கூட்டம் ரோடு வரை நின்றது. முன்வரிசையில் அவர் மனைவி ஜைனப் அக்கா.

முடிந்ததும் அக்கா கேட்டார்: "வயலின்காரவுகளுக்குக் கை ஓயல. நீங்க பாதி நேரம் சும்மாதான நின்னிய?"

"எம் மொற வாற வரைக்கும் தாளத்த எண்ணிக்கிட்டுல்லா நின்னேன்," என்றார் பாய், முகமெல்லாம் வேர்வையோடு. நாங்கள் சிரித்து முடிக்க நேரமானது.

மதியம் லுஹர் தொழுகை முடிந்து அடக்கமாம். ரிகர்சல் உண்டா என்று குரூப்பில் யாரும் கேட்கவில்லை. ஆளாளுக்கு "வந்துட்டிருக்கேன்" என்று மட்டும் போடுகிறார்கள்.

தோளில் வயோலா கனக்கிறது. இதை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கலாம்... அக்காவிடம் என்ன பேசுவது என்றும் தெரியவில்லை. பாய் வீட்டுக்கு நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

நல்லபடியா போங்க பாய். அக்காவ நாங்க பாத்துக்கறோம்.