காஜாக்கா போட்ட கையெழுத்து

காஜாக்கா என்றால்தான் எங்கள் தெருவில் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். அண்ணனுடைய தையல் கடையில் சட்டையில் பொத்தான் துளையைச் சுற்றித் தைத்துக் காஜா எடுப்பது, பொத்தான் வைப்பது, இதுதான் சின்ன வயதிலிருந்து அவர் வேலை. அப்பா போனதும் அண்ணன் மிஷினில் உட்கார்ந்தார். தங்கை ஒன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஊசியை எடுத்தார். கல்யாணம் ஆகவில்லை. அண்ணி நோயில் போன பிறகு அண்ணன் மகனைக் குளிப்பாட்டி, சோறூட்டி, ஆளாக்கியதும் அவர்தான்.

பக்கத்துக் கடை என்னுடையது. நூல், பொத்தான், லைனிங் துணி. அதனால் அந்த வீட்டுச் சங்கதி எல்லாம் எனக்கு அத்துப்படி. வீடு என்பது கடையும், கடைக்குப் பின்னால் ஓர் அறையும், ஒரு சமையல் மூலையும்தான். தெருவே மாஸ்டர் என்று கூப்பிடும் அந்த அண்ணன் பெயரில் இருந்தது.

மாஸ்டருக்குத் தங்கை விஷயத்தில் உள்ளுக்குள் ஓர் உறுத்தல். 'என்னால படிப்பு போச்சே இவளுக்கு' என்று என்னிடமே நாலைந்து தடவை புலம்பியிருக்கிறார். வயதான காலத்தில் ஒருநாள் திடீரென்று சாக்கட்டியை எடுத்துக் கறுப்பு லைனிங் துணியில் தங்கையின் பெயரை எழுதிக் காட்ட ஆரம்பித்தார். எழுதுவார், தட்டி அழிப்பார், மறுபடி எழுதச் சொல்வார்.

"வளைவு கோணுது பாரு. காலர் வெட்டுற மாதிரி நிதானமா வா."

"இந்த வயசுல கையெழுத்து போட்டு நான் என்ன கலெக்டராவா ஆகப்போறேன்?" என்று அக்கா சிரிப்பார். ஆனாலும் ஒருநாள்கூட விடவில்லை.

மாஸ்டருக்கு நெஞ்சுவலி வந்து தேறிய பிறகு, வீட்டை யாருக்கு எழுதுவது என்ற பேச்சு வந்தது. மகன் தூர ஊரில் வேலை, வருவது அபூர்வம். நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

"மாஸ்டர், இலவசமாவே சட்ட உதவி குடுக்கறாங்க. ஒரு நடை போய்க் கேட்டுட்டு வந்துடலாம்."

"வக்கீல் வாசல் ஏறினா வீட்டுல சண்டைன்னு நாலு பேரு பேசுவான். ஊருக்கே அளவெடுத்தவன்யா நான். என் வீட்டுக்கு அளவெடுக்க இன்னொருத்தன் வரணுமா?"

அந்த மனுஷனுக்கு வீம்பு மட்டும் கஜக்கணக்கில் இருந்தது. செத்தவரைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் திட்டுவேன்.

அவரே உயில் எழுதினார். கடையும் வீடும் தங்கைக்கு; வெட்டுக் கத்திரிக்கோல் மகனுக்கு. சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும் என்று மட்டும் எங்கோ கேட்டு வைத்திருந்தார். எதிர்க்கடை இஸ்திரிக்காரர் முதல் கையெழுத்துப் போட்டார். அடுத்தது நான்தான் என்று பேனாவைத் திறந்துகொண்டு நின்றேன்.

"நீ உள்ள வைப்பா பேனாவை. உன் கையெழுத்து ஊருல எல்லா பில்லுலயும் கிடக்குது. என் தங்கச்சி போடட்டும். அவ பொறந்ததுலேர்ந்து ஒரு காகிதத்துல கை வெச்சதில்ல. மொதல்ல வைக்கிறது இதுலயா இருக்கட்டும்."

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் என் வருத்தம் போய்விட்டது. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நாக்கு நுனியைக் கடித்தபடி ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். முடித்ததும் மாஸ்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் மாஸ்டர் போய்விட்டார். கல்லறைக் காரியமெல்லாம் முடிந்ததும் உயிலை எடுத்துக்கொண்டு, அக்காவை நானே சட்ட உதவி அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். மகள் வயதில் ஒரு வக்கீலம்மா. பொறுமையாக, வரி வரியாகப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் அவருடைய விரல் நின்றுவிட்டது.

"இந்த ரெண்டாவது சாட்சி யாரு?"

"நான்தாம்மா!" என்றார் அக்கா. அந்தத் துக்கத்திலும் குரலில் அத்தனை பெருமை. "எங்க அண்ணன் என்னைத்தான் போடச் சொன்னாரு."

வக்கீலம்மா உயிலை மடித்து மேசைமேல் வைத்தார். பிறகு நாற்காலியை அக்காவின் பக்கம் இழுத்துப்போட்டுக்கொண்டு சொன்னார். இவர்களைப் போன்ற கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு உள்ள வாரிசுச் சட்டப்படி உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கு அந்த உயிலில் எதுவும் சேராது. வீடு மகனுக்குத்தான் போகும்.

"ஏம்மா? நான் பொய் சொல்லுவேன்னா?"

"நீங்க இல்லம்மா. எழுதி வாங்கிக்கிறவங்களே சாட்சியும் சொல்லக்கூடாதுன்னு பொதுவா வெச்ச சட்டம்."

அக்கா என்னைக் காட்டினார். "இந்தத் தம்பி போட்டிருந்தா?"

"வீடு உங்களுக்கு வந்திருக்கும்."

என் சட்டைப் பையில் அதே பேனா இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா அழவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகன் மனது வைத்தால் எழுதிக்கொடுக்கலாம் என்று வக்கீலம்மா சொன்னதால், அவன் வந்ததும் கேட்டோம். அவன் கெட்டவன் இல்லை. அத்தை மடியில் தலை வைத்துத் தேம்பித் தேம்பி அழுதான்.

"எங்கப்பாவுக்கு நான் ஒரு கத்திரிக்கோலுக்குத்தான் லாயக்கா, அத்தை? அதை என்னால மறக்க முடியலை."

அந்தக் கோபத்தில்தான் வீட்டை விற்றான். அத்தையைத் தன்னோடு கூப்பிட்டான். "நீ நல்லாயிருடா கண்ணு, நான் வரலை" என்று சொல்லிவிட்டார். இப்போது என் கடை மாடியில் இருக்கிறார், காஜாவும் எடுக்கிறார். இடம் கொடுத்தேன் என்று யாரும் என்னை மெச்ச வேண்டாம். வயிறு எரிகிறது எனக்கு.

அவர் இங்கே வருவதற்கு முன், வீட்டைக் காலி செய்து ஒப்படைக்கிறேன் என்று எழுதிக்கொடுக்கும் நாளில் நானும் கூடப் போனேன். மகனுடைய வக்கீலின் குமாஸ்தா காகிதத்தை நீட்டிப் பேனாவைக் கொடுத்தார். அக்கா பேனாவைத் தொடவில்லை.

"கைநாட்டு வெச்சுக்கறேன்யா."

"கையெழுத்து தெரியும்னாங்களே?"

"தெரியாது."

குமாஸ்தா மைப்பெட்டியை எடுத்துவந்தார். அக்கா இடது கட்டைவிரலை அழுத்தினார். காகிதத்தில் வெறும் நீலத் திட்டுதான் விழுந்தது. இத்தனை வருஷமாகத் துணிக்கு அடியில் ஊசிமுனை வாங்கிய விரல். மறுபடி வைத்தார். மறுபடியும் அதே திட்டு.

"ரேகையே விழலையேம்மா. இது செல்லாது. தெரிஞ்சா கையெழுத்தையே போட்டுடுங்களேன்."

அக்கா என்னைப் பார்த்தார். பேனாவை வாங்கினார். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, நாக்கு நுனியைக் கடித்தபடி, எந்த வளைவும் கோணாமல் எழுதி முடித்தார்.

"அட, கையெழுத்து அச்சு மாதிரி இருக்கே!" என்றார் குமாஸ்தா.

"எங்க அண்ணன் சொல்லிக்குடுத்தது" என்றார் அக்கா. அப்போதுதான் அழுதார்.